இரண்டு வரி ஆட்டம்

மர்ஹூன் கடற்கரையில் பிறந்தவர் அல்லர். பிதியாவின் மணற்பக்கத்தில், ஒட்டகம் ஓட்டிப் பிழைத்த வீட்டில் பிறந்து, மீசை அரும்பிய பிறகு எங்கள் துறைமுக ஊரான சூருக்கு வந்தவர். அப்படி வந்தவனை எங்கள் ஊர் எளிதில் தன்னவனாக்கிக்கொள்ளாது. எத்தனை பயணம் போய் வந்தாலும், உள்ளூரில் பெண் எடுத்தாலும், அவன் பிள்ளைகள் நடப்பதற்கு முன்பே நீந்தினாலும், அவன் உள்நாட்டுக்காரன்தான். மர்ஹூனுக்கு ஊர் வைத்த பெயர் ஒட்டகக்காரர்.

நாகுதா ஹிம்யரின் கப்பலான நஜ்மாவில் சரக்கு அடுக்கும் பொறுப்பு அவருடையது. கப்பல்களில் எந்திரம் ஏறாத காலம் அது. நாகுதா என்றால் கப்பலின் தலைவர். பாயும் சுக்கானும் திசையும் அவர் சொல்படி. ஆனால் கிடங்கில் எது அடியில் போகும், எது மேலே வரும் என்பதை மர்ஹூன்தான் சொல்வார். அந்த வேலையில் வாயை விடக் கைதான் பேசும். அவருக்கு அது பொருந்தியது.

சுமையைப் பற்றி அவர் முதலில் கற்றது ஒரு தண்ணீர்த் தோல்பையிடம். பாலையில் போகும்போது தோல்பையைக் கயிற்றில் கட்டி ஒட்டகத்தின் பக்கவாட்டில் தொங்கவிடுவார்கள். அவருடைய அப்பாவின் ஒட்டகத்தில் ஒரு பை மட்டும் வீசி வீசி ஆடி, விலாவில் மோதித் தோலைப் புண்ணாக்கும். சில நாளில் தையல் விட்டுத் தண்ணீர் மணலில் போகும். ஒட்டகத்தின் நடை சரியில்லை என்று அப்பா அதை விற்றார். புதிதாக வந்த ஒட்டகமும் அதே பையை அதேபோல் வீசியது. ஒருநாள் ஓய்வில், மர்ஹூன் பையை அதே கயிறோடு ஒரு வேலமரக் கிளையில் கட்டித் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தொடாமலே பை போய்ப் போய் வந்தது. வீச்சு குறைந்துகொண்டே போனது. ஆனால் ஒரு தடவை போய்வர ஆகும் நேரம் குறையவில்லை. அது ஒட்டகம் இரண்டு அடி எடுத்து வைக்கும் நேரம்.

அவர் கயிற்றைப் பாதியாகக் கட்டினார். கிளையில் பை வேகவேகமாக ஆடியது. ஒட்டகத்தில் ஏற்றியபோது, நடைக்கேற்பச் சற்றே அசைந்தபடி அடங்கிக் கிடந்தது. நடை மாறவில்லை, பையும் மாறவில்லை.

பிற்காலத்தில் அவர் இதை இப்படிச் சொல்வார்: "எதுக்கும் சொந்த ஆட்டம்னு ஒண்ணு இருக்கு. ஒரு தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்தா, அது தன் இஷ்டத்துக்கு ஆடி, கொஞ்சங் கொஞ்சமா அடங்கிரும். இன்னொருத்தன் விடாம ஆட்டிக்கிட்டே இருந்தா, அதோட இஷ்டம் எடுபடாது. ஆட்டறவன் நேரத்துக்குத்தான் ஆடணும். அதுல பயப்பட ஒண்ணுமில்ல. ஆட்டறவன் நேரமும் அதோட சொந்த நேரமும் ஒண்ணாப் போச்சுன்னாதான் பயப்படணும்."

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள்.

சூருக்கு வந்து முஸல்லம் என்ற மாலுமியின் அக்காவான ஸுவைனாவை மணந்தார். மூத்த மகளுக்கு ஷம்சா என்று பெயர். அதனால் வீட்டில் அவர் அபூ ஷம்சா, ஷம்சாவின் அப்பா. மச்சான்தான் அவரை நஜ்மாவில் சேர்த்துவிட்டது. முதலில் கூடை தூக்கினார். பிறகு கூடையை எங்கே வைப்பது என்று சொன்னார். சில பயணங்களில் அவர் சொல்லாமல் யாரும் வைப்பதில்லை என்றானது.

கப்பலுக்கும் சொந்த ஆட்டம் உண்டு என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். காற்றில்லாத காலையில், கடல் உள்ளே புகுந்த கழியில் நங்கூரமிட்ட கப்பலில், ஆட்கள் எல்லோரையும் மேல்தட்டில் வரிசையாக நிறுத்துவார். எல்லோரும் சேர்ந்து இடது ஓரத்துக்கு நடப்பார்கள், சேர்ந்து வலது ஓரத்துக்கு. கப்பல் மெல்ல அசையத் தொடங்கியதும் நடுவில் நிற்கச் சொல்வார். அதன் பிறகு கப்பல் தானாகச் சாய்ந்து சாய்ந்து நிமிரும். மர்ஹூன் பாய்மரத்தில் முதுகை வைத்துக்கொண்டு, தம் ஊர் ஒட்டகப் பாட்டில் ஒரு வரியை வாய்க்குள் முணுமுணுப்பார். 'நட பெண்ணே நட, கிணறு பக்கம்' என்பது வரி. நிதானமாக, எப்போதும் ஒரே இழுப்பில். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், திரும்பி அதே பக்கம் வர எத்தனை வரி ஆகிறது என்பதுதான் கணக்கு.

"ஒட்டகக்காரர் நம்மளை மேய்க்கிறாருடா," என்பான் பக்கீத். கப்பலிலேயே நீளமான நாக்கு அவனுடையது. "இந்தப் பக்கம் புல் இல்லயாம், அந்தப் பக்கம் வாங்க."

கனமெல்லாம் அடியில் கிடந்தால் கப்பல் ஒரு வரியில் போய்வரும். வெடுக் வெடுக்கென்று ஆடும். கனத்தில் ஒரு பங்கை மேலே ஏற்றினால் ஆட்டம் சோம்பலாகும். இரண்டு வரி ஆகும். கனம் அடியில் இருந்தால்தான் கப்பலுக்குப் பத்திரம் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். மர்ஹூனும் பல வருடம் அப்படித்தான் அடுக்கினார்.

பஸ்ராவில் பேரீச்சை ஏற்றி வளைகுடா வழியாக இறங்கும்போது, வடமேற்குக் காற்று குட்டையான, நெருக்கமான அலைகளைக் கிளப்பும். அந்த அலைகள் வந்து போகும் நேரமும் சுமார் ஒரு வரி. ஒரு வரிக் கப்பல் அதில் மாட்டினால், அலை ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் ஒரு தள்ளு தள்ளும். ஒரு வருடம் நஜ்மா அப்படி உலுக்கப்பட்டதில் பாய்மரத்தின் பக்கக் கயிறுகள் அறுந்து, மரமே இடுப்பில் விரிசல் விட்டது. ஹிம்யர் வழியில் ஒதுங்கி வேறு மரம் போட வேண்டியதாயிற்று.

அடுத்த பயணத்தில் மர்ஹூன் ஊர்ப் பாடத்தை மீறினார். கூடைகளில் ஒரு பங்கை அடிக்கிடங்கிலிருந்து எடுத்து மேல்தட்டுக்குக் கீழேயே அடுக்கி, அந்த இடத்தில் இலேசான கோரைப்பாய்க் கட்டுகளை வைத்தார். கப்பல் இரண்டு வரி ஆனது. வளைகுடாவில் அதே காற்று, அதே குட்டை அலை. நஜ்மா அசட்டையாகப் போனது. அலைகள் அதன் வயிற்றில் தட்டிப் பார்த்துவிட்டு விலகின. மாலுமிகள் மேல்தட்டில் நீட்டிப் படுத்துத் தூங்கினார்கள்.

"இது கப்பலா தொட்டிலா?" என்றான் பக்கீத். "என் பொண்டாட்டி ரையாகூட என்னை இப்படித் தூங்க விட்டதில்ல."

"எங்க மச்சான் அடுக்குன கப்பல்னா சும்மாவா," என்றான் முஸல்லம்.

சூரில் சில நாள் தங்கி, வீடு வாசலைப் பார்த்துவிட்டு, அதே அடுக்கோடு கோழிக்கோட்டுக்குப் புறப்பட்டார்கள். சூருக்குக் கிழக்கே உள்ள ஹத் முனையைத் தாண்டினால் கடல் வேறு. மழைக்காற்று ஓய்ந்த பிறகும், அது தெற்கே கிளப்பிவிட்ட நெடிய அலைகள் பல வாரம் வந்துகொண்டே இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் வரும். தென்கிழக்கே போகும் கப்பலுக்கு அவை நேர் விலாவில் வரும். இரண்டாம் நாள் நஜ்மா ஆடத் தொடங்கியது. முதலில் தடுமாற்றமாக, பிறகு ஒழுங்காக. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடச் சற்று ஆழம். காற்று மெல்லியதுதான், பயப்படும்படி வானத்தில் எதுவும் இல்லை. ஓரக்கட்டை தண்ணீரைத் தொட்டது, மறு ஆட்டத்தில் தண்ணீருக்குள் போனது. தண்ணீர்ப் பீப்பாய் அவிழ்ந்து உருண்டது. அதைக் கட்டப்போன முஸல்லம் பீப்பாயோடு போனான். ஹிம்யர் கப்பலைத் திருப்பினார். திரும்பியதும் ஆட்டம் அடங்கியது. சாயங்காலம் வரை தேடினார்கள். பீப்பாய் மட்டும் கிடைத்தது.

கடல் எடுத்துக்கொண்டது, அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். ஊரில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஸுவைனா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மர்ஹூனுக்கு மட்டும் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அன்று பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது, பயத்தில் தாம் அறியாமலே அந்த ஒட்டக வரியை முணுமுணுத்திருக்கிறார். ஓரக்கட்டை தண்ணீரில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்க இரண்டு வரி. கழியில், காற்றில்லாத காலையில், கப்பல் தானாக ஆடிய அதே இரண்டு வரி. முனைக்கு அப்பால் முன்பெல்லாம் அவர் போனது ஒரு வரிக் கப்பலில். அதனால் அந்த அலை எத்தனை வரிக்கு ஒருமுறை வருகிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. குட்டை அலையிலிருந்து தப்பிக்க அவர் கொடுத்த நேரத்தை, நெடிய அலை தன்னுடையதாக வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அப்படித்தான் நடந்ததா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம் பஸ்ராவில் ஏற்றும்போது ஹிம்யரிடம் மெல்லக் கேட்டார்.

"நாகுதா, இந்தத் தடவ எல்லாத்தையும் அடியிலயே வச்சிருவோமா?"

"வச்சுட்டு? வளைகுடாவுல மரத்தை யாரு பிடிச்சுக்கிறது, நீயா? போன வருஷம் மாதிரியே அடுக்கு. ஆளுங்க அதைத்தான் கேக்குறாங்க."

ஹிம்யர் சொன்னதில் தவறில்லை. வளைகுடாவுக்கு அந்த அடுக்குதான் சரி. மர்ஹூன் போன வருடத்தைப் போலவே அடுக்கினார். மாலுமிகள் போன வருடத்தைப் போலவே தூங்கினார்கள். அவர் மட்டும் தூங்காமல் வந்தார். சூரை அடைந்ததும் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு ஒட்டகத்தை வாடகைக்குப் பேசினார்.

"வந்த கால் ஆறல, அதுக்குள்ள எங்க?" என்றாள் ஸுவைனா.

"முனை வரைக்கும்."

"அங்க என்ன இருக்கு?"

"அலை."

"இத்தன மாசமா அலையத்தான பாத்துட்டு வர்றீங்க?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

முனைக்குத் தெற்கே, ஆமைகள் ஏறும் மணற்கரையில் அவர் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். காற்று இல்லை. கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. ஆனால் அந்த வழவழப்புக்குள் ஒரு மேடு எழுந்து, கரையை நோக்கி வந்து, பாறையில் உடைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவர் வரியை முணுமுணுத்தார். சில அலைகள் முந்தின, சில பிந்தின. மதியமானதும் தமக்கே சந்தேகம் வந்து, எழுந்து நடந்துவிட்டு மறுபடி உட்கார்ந்து பார்த்தார். பெரும்பாலும் இரண்டு வரி.

மறுநாள் காலை ஹிம்யரின் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னார். மேலே இருக்கும் கூடைகளை அடிக்கு இறக்க வேண்டும். கப்பல் புறப்படுவதற்கு முன்னால், இங்கேயே.

ஹிம்யர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இங்கயேன்னா? சூர்லயா?"

மர்ஹூன் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. பஸ்ராவில் மூடிய கிடங்கைக் கோழிக்கோட்டில்தான் திறப்போம். நடுவில் சூரில் நிற்கும் நாட்களில் மாலுமி சுமையைத் தொடுவதில்லை. வீட்டுக் கரையில் கை சும்மா இருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த நாட்கள் கப்பலுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். வீட்டுக் கரையில் கூடை தூக்கிய கப்பல் நல்லபடி திரும்பாது என்றும் சொல்வார்கள்.

"எங்க அப்பா காலத்துலயும் பண்ணல, அவரு அப்பா காலத்துலயும் பண்ணல," என்றார் ஹிம்யர். "மாசக்கணக்குல உப்புத் தண்ணி குடிச்சுட்டு வந்தவன்கிட்ட, பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு வந்து கூடை தூக்குன்னு நான் சொல்லணுமா?"

"மஸீராத் தீவுப் பக்கம் ஒதுங்கி மாத்தலாமா?"

"அந்த அலையில கிடங்கைத் திறந்து வச்சுக்கிட்டா? நல்ல யோசனை."

பக்கீதும் அங்கேதான் இருந்தான். "ஒட்டகக்காரரே, உங்களுக்கு வீட்டுல இருக்கப் பிடிக்கலன்னா சொல்லுங்க. எங்க வீட்டுல வந்து ஆடு மேய்ங்க. எங்களை விடுங்க."

"இதுல என் இஷ்டம் ஒண்ணுமில்ல," என்றார் ஹிம்யர், சற்றுத் தணிந்து. "இந்த நாளு எனக்குச் சொந்தம்னா நான் குடுத்துருவேன். இது பொம்பளைங்களோடது. வேணும்னா ரையாகிட்டப் போய்க் கேளு, உன் புருஷனைக் குடும்மான்னு."

பக்கீத் சிரித்தான். ஹிம்யர் கேலியாகத்தான் சொன்னார். மர்ஹூன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழியில் அதையே யோசித்தார். அடுத்தவர் வீட்டுப் பெண்களிடம் போய் நின்று அவர் பேச முடியாது. பேச முடிந்தவள் ஸுவைனா. அவளிடம் கேட்க வேண்டுமானால் எதற்காக என்று சொல்ல வேண்டும். எதற்காக என்று சொன்னால், போன வருடத்தையும் சொல்ல வேண்டும்.

ஸுவைனா முற்றத்தில் சுறாக் கருவாட்டைத் தட்டி நாராகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவரும் பிரிக்கத் தொடங்கினார்.

"முள்ளு குத்திக்கப் போறீங்க," என்றாள் அவள்.

"ஸுவைனா. போன வருஷம் அடுக்கை மாத்துனேன்ல."

"ஆமா. தொட்டில் மாதிரி வந்துச்சுன்னு தம்பி சொன்னான்."

"வளைகுடாவுல அப்படித்தான் வந்துச்சு. முனையைத் தாண்டுனதும் அதே அடுக்குதான் கப்பலை அந்த ஆட்டம் ஆட்டுச்சுன்னு நினைக்கிறேன். அன்னிக்குக் காத்து பெருசா இல்ல. கப்பலுக்கு நான் குடுத்த நேரமும் அந்த அலையோட நேரமும் ஒண்ணா இருந்துச்சு. அலை ஒவ்வொரு தடவையும் கொஞ்சந்தான் தள்ளுச்சு. ஆனா அது சரியான நேரத்துல தள்ளுச்சு."

அவள் கை நின்றது.

"முஸல்லமைக் கடல்தான் எடுத்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்லிப் பாத்தேன். வாய் வரல." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்த வருஷமும் அதே அடுக்கு. அதே அலை. நேத்துப் போய்ப் பாத்துட்டு வந்தேன். கூடைகளை இங்க இறக்கணும். பொம்பளைங்களோட நாளை எடுக்க மாட்டேன்னு நாகுதா சொல்றாரு."

ஸுவைனா கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. அப்படி இருக்கணும்னு தோணுது."

அவள் எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. அவளுடைய அப்பா வீடு கழிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கேதான் போகிறாள், இனிச் சீக்கிரத்தில் வர மாட்டாள் என்று மர்ஹூன் நினைத்தார். மிச்சக் கருவாட்டையும் பிரித்து முடித்து, பூனைக்கு எட்டாமல் மூடி வைத்தார். ஷம்சா வந்து, "உம்மா எங்க?" என்று கேட்டபோது வாசலைக் காட்டினார்.

ஸுவைனா அப்பா வீட்டுக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போனாள். என்ன பேசினாள் என்று ஆண்கள் யாருக்கும் தெரியாது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்த பக்கீத், தன் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருப்பதைக் கண்டான். கப்பல் பட்டறையில் நாங்கள் கலப்பத்து வேலையில், பலகை இடுக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தோம். அவன் கதவைத் தட்டுவது பட்டறை வரை கேட்டது.

"ரையா, கதவைத் தற."

"கூடை எறக்கியாச்சா?" என்றது உள்ளிருந்து குரல்.

"எந்தக் கூடை?"

"எந்தக் கூடையா? போய் ஒட்டகக்காரரைக் கேளுங்க."

"வீட்டுக் கரையில யாராச்சும் சுமை தூக்குவாங்களா? அபசகுனம்டி."

"உங்களுக்காகக் காத்திருக்கிற நாளு எங்களோடது. அதை நாங்க குடுக்குறோம். சகுனத்தை நாங்க பாத்துக்கறோம். போயிட்டு வாங்க, சோறு சூடா இருக்கும்."

"இப்பவே பசிக்குது."

"அப்பச் சீக்கிரமாத் தூக்குங்க."

அந்தத் தெருவில் அன்று மூடிய கதவு அது ஒன்று மட்டும் அல்ல. மாலுமிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஹிம்யரும் வந்தார். அவர் வீட்டுக் கதவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "நின்னு என்ன பண்றீங்க, திறங்க," என்று மட்டும் சொன்னார்.

கிடங்கின் மூடி திறந்தது. அன்று சாயங்காலமும் மறுநாளும் கூடைகளை இறக்கினார்கள். மேலிருந்தவற்றை வெளியே எடுத்து, அடியிலிருந்த இலேசான பாய்க்கட்டுகளை மேலே கொண்டுவந்து, கனத்தை ஏரா என்னும் அடிமரத்தை ஒட்டிப் பரப்பினார்கள். பேரீச்சைப் பாகு கசிந்து எல்லோர் கையிலும் ஒட்டியது. ஊர் ஈயெல்லாம் கப்பலில் ஏறியது. பக்கீத் ஒவ்வொரு கூடைக்கும் ஒட்டகத்தின் ஒவ்வொரு மூதாதையைத் திட்டினான்.

வேலை முடிந்த மறுநாள் காலையில் கழி அசையாமல் கிடந்தது. மர்ஹூன் கேட்காமலே அவர்கள் வரிசையில் நின்றார்கள். இடது ஓரத்துக்கு நடந்தார்கள், வலது ஓரத்துக்கு நடந்தார்கள், நடுவில் நின்றார்கள். கப்பல் தன் இஷ்டத்துக்கு ஆடியது. மர்ஹூன் உதடு அசைவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு?" என்றார் ஹிம்யர்.

"ஒண்ணுக்குக் கொஞ்சம் கூட."

"போதுமா?"

"போதும்னு நினைக்கிறேன், நாகுதா."

ஸுவைனா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். சமைத்தாள், பரிமாறினாள், பிள்ளைகளோடு பேசினாள். அவரோடு பேசவில்லை. புறப்படும் நாளில் அவருடைய பெட்டியில் அல்வாப் பொட்டலம் இருந்தது. ஆனால் அவள் கரைக்கு வரவில்லை. மற்றப் பெண்கள் வந்திருந்தார்கள்.

முனையைத் தாண்டிய இரண்டாம் நாள் அந்த அலை வந்தது. நேர் விலாவில், வழவழப்பாக, அவசரமில்லாமல். நஜ்மா முதலில் தடுமாறியது. தன் வேக ஆட்டத்தையும் அலையின் சோம்பல் ஆட்டத்தையும் கலந்து, கால் மாறி நடப்பவனைப் போல் சில தடவை திக்கியது. பிறகு அதன் சொந்த ஆட்டம் அடங்கிப்போனது. அலையின் நேரம் மட்டும் மிஞ்சியது. மேடு வந்தால் சாய்ந்து ஏறியது, மேடு போனால் நிமிர்ந்து இறங்கியது. ஆட்டம் வளரவில்லை. இடையில் ஒரு நாள் பக்கக் காற்று குட்டை அலையைக் கிளப்பியபோது மட்டும் வெடுக்கென்று உலுக்கி எடுத்தது. அன்று பக்கீத் வாந்தி எடுத்தான்; பிறந்ததிலிருந்து கடலில் வாந்தி எடுக்காதவன் தான் என்பதை அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். கப்பல் கோழிக்கோட்டை அடைந்தது. எல்லோரும் இறங்கினார்கள்.

காற்று திரும்பிய பிறகு சூருக்கு வந்தார்கள். கரையில் பக்கீத் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான். "கடல் பால் மாதிரி கிடந்துச்சு. சும்மா தூக்க வச்சாரு மனுஷன். பழைய அடுக்குலயே போயிருக்கலாம்."

மர்ஹூனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நடக்காமல் போனதைக் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. அலை அந்த வருடம் சற்றுத் தாழ்வாக இருந்திருக்கலாம். பழைய அடுக்கிலும் ஓரக்கட்டை தண்ணீரைத் தொடாமலே போயிருக்கலாம். முஸல்லம் போன அன்றும் காரணம் வேறாக இருந்திருக்கலாம். அவருக்குத் தெரிந்தது அந்த வரியின் நீளம் மட்டும்.

வீட்டில் ஸுவைனா காப்பி கொண்டுவந்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி எதிரில் உட்கார்ந்து பல மாதம் ஆகியிருந்தது.

"எப்படிப் போச்சு?"

"பக்கீத் சொல்றான், சும்மா தூக்க வச்சேனாம்."

"ரையா சொன்னா. அவன் காலையிலருந்து அதைத்தான் பேசிக்கிட்டிருக்கானாம், அவ காது வலிக்குதாம்." அவள் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். "பேசட்டும். பேசுறதுக்குத் திரும்பி வந்திருக்கான்ல."

அவர் காப்பியைக் குடித்தார். அவள் அடுத்துக் கேட்டதற்கு அவர் தயாராக இல்லை.

"தம்பி அன்னிக்கு எந்தப் பக்கம் நின்னான்? யாரும் எனக்குச் சொல்லல."

அவர் சொன்னார். பீப்பாய் எங்கே கட்டியிருந்தது, எப்படி அவிழ்ந்தது, அவன் எப்படி எழுந்து போனான், தாம் எங்கே நின்றார், எத்தனை தூரம், ஏன் எட்டவில்லை. எதையும் விடாமல், எதையும் கூட்டாமல், கேட்டதற்கு மேலும் சொன்னார். அவள் நடுவில் ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வர்ற வருஷம் எப்ப வருவீங்க?" என்றாள்.

"பேரீச்சை ஏத்துனதும். வழக்கம்போலத்தான்."

"போன தடவ ரெண்டு நாளு போச்சு கூடைக்கே. வர்றப்ப முன்கூட்டியே ஆள் அனுப்புங்க. நாங்களும் கரைக்கு வர்றோம். பொம்பளைங்க கை வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

"பேரீச்சைப் பாகு ஒட்டும்," என்றார் மர்ஹூன்.

"ஒட்டட்டும்," என்று எழுந்து, ஸுவைனா காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.